தம்பி முதலில் கிளம்பினான், அண்ணன் பிறகு ஜெயித்தான்: மெல்லோ மேன் ஏஸ் செய்தது தப்பா?

பழைய_கேசட்

சைப்ரஸ் ஹில் என்ற அமெரிக்க ராப் குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் குழு அந்தப் பெயரை வைத்துக்கொள்வதற்கு முன்பே அதிலிருந்து ஒருவர் கழன்று போனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

ஆள் பெயர் மெல்லோ மேன் ஏஸ். பெற்றோர் வைத்த பெயர் உல்பியானோ செர்ஜியோ ரெயெஸ். கியூபாவில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய சவுத் கேட் என்ற ஊரில் வளர்ந்தவர். சைப்ரஸ் ஹில்லில் குரைக்கிற மாதிரிக் கனத்த குரலில் பாடுவாரே சென் டாக், அவருடைய சொந்தத் தம்பி. அண்ணன், தம்பி, பி-ரியல், நியூயார்க்கிலிருந்து வந்த டிஜே மக்ஸ், நாலு பேரும் சேர்ந்து டிவிஎக்ஸ் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். 1988-இல் தம்பி தனியாகப் போனார். மிச்சமிருந்த மூன்று பேரும் ஊரில் இருந்த சைப்ரஸ் அவென்யூ என்ற தெருவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இனி வருவதுதான் கதை. 1989-இல் மெல்லோ மேனின் முதல் ஆல்பம் 'எஸ்கேப் ஃப்ரம் ஹவானா' கேப்பிட்டல் லேபிளில், அதாவது அந்த இசை நிறுவனத்தின் வெளியீடாக, வருகிறது. அதில் இருந்த 'மெந்திரோசா' 1990-இல் அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறுகிறது, நிறைய விற்றதற்கான கோல்டு சான்றிதழும் வாங்குகிறது. அண்ணன் குழுவுக்கு அப்போது ஒரு ஆல்பம்கூட இல்லை. தம்பி டிவியில், அண்ணன் தெருவில்.

1991 ஆகஸ்டில் சைப்ரஸ் ஹில்லின் முதல் ஆல்பம். 1993-இல் 'பிளாக் சண்டே' வெளியான முதல் வாரமே பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடம். நடுவில் 1992-இல் மெல்லோ மேனின் இரண்டாவது ஆல்பம் வந்தது, சத்தமில்லாமல் போனது. மூன்றாவது ஆல்பத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். போனது தப்பா?

சும்மா_ஒருத்தன்

தப்புதான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? மூன்று வருடம் பொறுத்திருந்தால் கோல்டுக்கும் மேலான பிளாட்டினம் தட்டை வீட்டுச் சுவர் முழுக்க மாட்டியிருக்கலாம். 2019-இல் ஹாலிவுட் நடைபாதையில் சைப்ரஸ் ஹில்லுக்கு நட்சத்திரம் பதித்தார்கள். இவர் பெயரும் அதில் இருந்திருக்கும்.

லயம்77

சும்மா அண்ணே, நடந்ததைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

1988-இல் அவர் விட்டுப் போனது சைப்ரஸ் ஹில்லை இல்லை, டிவிஎக்ஸை. ரெண்டும் வேறு. சைப்ரஸ் ஹில் என்றதும் உங்கள் காதில் எது கேட்கிறது? பி-ரியலின் அந்த மூக்கால் பாடுகிற கீச்சுக் குரல். அது அவருடைய இயல்பான குரல் இல்லை. சாதாரணக் குரலில் பாடினபோது எடுபடாமல், மாற்றிப் பார் என்று சொல்லப்பட்டு, பிறகு கண்டுபிடித்த குரல். மக்ஸின் அந்தப் புகை மூட்டம் மாதிரியான பீட்டும் அப்படித்தான். அவர் நடுவில் 7ஏ3 என்ற குழுவில் வேலை செய்துவிட்டு வந்துதான் அந்த ஒலியைப் பிடித்தார். எல்லாம் இவர் கிளம்பிய பிறகு சமைந்தவை.

இன்னொரு விஷயம். அந்த ஒலியில் ரெண்டு குரல்தான் கணக்கு. கீச்சுக் குரல் கதையைச் சொல்லிக்கொண்டே போகும், கனத்த குரல் அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து அதட்டுகிற மாதிரி வரும். நடுவில் நிதானமாக, சிரித்த முகமாக ஒருவர் வந்து பெண்ணோடு செல்லச் சண்டை போட்டால் அந்த இறுக்கம் அவிழ்ந்துவிடும். மெல்லோ என்ற பெயரே அதுதானே. அவர் இருந்திருந்தால் அவருக்குப் பிளாட்டினம் கிடைத்திருக்காது, மற்ற மூவருக்கும் கிடைத்திருக்காது. என் கட்சி இது.

மைக்_மகள்

போனது சரியா தப்பா என்பதை விட, அந்த ஒரு பாட்டில் அவர் செய்த வேலையை யாராவது பேசுங்களேன். எல்லாரும் பட்டியல் எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

'மெந்திரோசா' என்றால் ஸ்பானிய மொழியில் பொய்க்காரி. காதலி ராத்திரி எங்கே போனாள் என்று காதலன் குறுக்கு விசாரணை செய்கிறான், அவ்வளவுதான் பாட்டு. அவள் சொன்ன சாக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தேன் என்பது. அவனுக்குத் தெரியும், போகவில்லை.

ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை வரி வரியாகக் கேளுங்கள். வரி ஆங்கிலத்தில் தொடங்கும், பாதியில் சட்டென்று ஸ்பானியத்துக்குத் தாவும், வரி முடிகிற சொல் ஸ்பானியமாக இருக்கும். அடுத்த வரியும் அப்படியே. நம் யாப்பில் அடியின் கடைசியில் ஒலி ஒன்றி வந்தால் இயைபு என்போமே, அந்த இயைபு முழுவதும் ஸ்பானியச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. தொடக்கத்திலேயே 'லீயோ', 'தீயோ' என்று ஒரு ஜோடி. முதலாவது சிக்கல், ரகளை என்கிற பொருள். இரண்டாவது மாமா. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்குக் கதை புரிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல் கைநழுவிப் போகும். ஸ்பானியம் தெரிந்தவனுக்குத்தான் அந்த 'டக்' கிடைக்கும்.

சாதாரணமாக இருமொழிப் பாட்டு என்றால் சரணம் ஆங்கிலத்தில், பல்லவிக்கு மட்டும் ஊறுகாய் மாதிரி ரெண்டு ஸ்பானியச் சொல் என்றுதான் இருக்கும். இவர் வாக்கியத்தையே நடுவில் உடைத்து ஒட்டினார். மணிப்பிரவாளம் என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான். மணியும் பவழமும் ஒரே நூலில்.

(ஒரு சந்தேகம். 'தீயோ' மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? ஸ்பானியத்தில் எல்லாத்துக்கும் அதே ஒரு சொல்தான். நம் ஊர்ப் பெண் சாக்குச் சொன்னால் எந்த வீடு என்று முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள்.)

வைகைக்கரையான்

அந்தக் கடைசி அடைப்புக்குறிக்கு ஒரு பூங்கொத்து.

ஆனால் மணிப்பிரவாளம் என்ற ஒப்பீட்டை நான் பாதிதான் ஏற்பேன். மணிப்பிரவாளம் படித்தவர்கள் படித்தவர்களுக்காக எழுதினது. இது தெருவில் பசங்கள் பேசிக்கொள்கிற மொழி. வீட்டில் அம்மாவிடம் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதையில் ரெண்டும் கலந்த மொழி. அவர் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. நடைபாதையில் கிடந்ததை எடுத்து மைக்கில் வைத்தார்.

முதல் ஆளும் இல்லை. நியூயார்க்கில் மீன் மெஷின் என்ற குழு 1981-லேயே ஷுகர் ஹில் லேபிளில் ரெண்டு மொழியும் கலந்து ராப் பாடிவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் விக்கோ சி எண்பதுகளின் நடுவிலேயே ஸ்பானியத்தில் பாடிக்கொண்டிருந்தார். இவரை லத்தீன் ராப்பின் தந்தை என்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மைக்_மகள்

சரி, முதல் ஆள் இல்லை. ஆனால் அமெரிக்கா முழுக்க வானொலியில் போட வைத்த ஆள் யார்? நான் அதைத்தான் சொல்கிறேன்.

தூரதேசி

நான் ஆறு வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்த்தேன். சவுத் கேட் வழியாகத்தான் தினமும் போவேன். பெயரைக் கேட்டால் ஏதோ தோட்டக் கதவு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அது ஆலைத் தொழிலாளர்களின் ஊர். ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980-இல் மூடினது, ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982-இல் மூடினது. ரெயெஸ் சகோதரர்கள் மீசை முளைக்கிற வயதில் அங்கே திரிந்தது இந்த இரண்டு பூட்டுகளுக்கு நடுவில்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால், ஒரு பெரிய லேபிளில் இருந்து கையில் ஒப்பந்தம் வரும்போது 'கொஞ்சம் பொறு, குழுவுக்கு நேரம் வரும்' என்று எந்த இருபது, இருபத்தொரு வயசுப் பையன் உட்கார்ந்திருப்பான்?

இன்னொன்று, அந்த ஊருக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் உறைக்கிற விஷயம். என்னோடு வேலை பார்த்த மெக்சிகோக்காரர் ஒருவர் காரில் போகும்போது பழைய பாட்டு வானொலியில் இந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். கூடவே பாடுவார். பாடி முடித்துவிட்டு, 'இது எங்கள் ஸ்பானியம் இல்லை, கியூபாக்காரன் ஸ்பானியம், பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறான்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லின் கடைசியில் வருகிற 'ஸ்' ஒலியை கியூபாக்காரர்கள் விட்டுவிடுவார்கள், அதைத்தான் சொல்கிறார். ஒரே மாதிரிக் குறை, ஒரே மாதிரிச் சிரிப்பு, வாரம் ரெண்டு தடவை.

லாஸ் ஏஞ்சலிஸ் லத்தீனோ என்றாலே பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். அவர்களுக்கு அதே 1990-இல் கிட் ஃப்ராஸ்ட் வந்துவிட்டார், 'லா ராசா' பாட்டோடு. அது சிக்கானோ, அதாவது மெக்சிகோ வழி அமெரிக்கர்களின், தெரு மொழி, எல் சிக்கானோ குழு வாசித்த 'விவா திராதோ' இசையின் மேல் போட்டது. பட்டியலில் 'மெந்திரோசா' அளவுக்கு ஏறவில்லை. ஆனால் அந்த மக்கள் அதைத் தங்கள் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்தார்கள். மெல்லோ மேனுக்கு ஹிட் இருந்தது, சொந்த ஊரில் தன் பின்னால் நிற்க ஒரு கூட்டம் இல்லை. கியூபாக்காரர்கள் நிறைந்த மயாமி அந்தப் பக்கக் கடற்கரையில் இருக்கிறது.

பழைய_கேசட்

தூரதேசி சார், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

ரெண்டு பேரையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கிட் ஃப்ராஸ்ட், மெல்லோ மேன், ஏ.எல்.டி. இன்னும் சிலர் சேர்ந்து 1991-இல் லத்தீன் அலையன்ஸ் என்ற பெயரில் ஒரு ஆல்பமே போட்டார்கள். 'லோரைடர்' பாட்டை, அதை முதலில் பாடிய வார் என்ற குழுவையே கூட்டி வந்து மறுபடி செய்தார்கள். குழுவை விட்டுத் தனியாகப் போனவர், மூன்றே வருடத்தில் வேறொரு கூட்டணியில் நின்றார். தனியாள் என்று சொல்கிறோமே தவிர, ராப்பில் தனியாள் என்று ஒருவரும் கிடையாது.

என் வாதம் இனிமேல். அவரைக் கவிழ்த்தது குழுவை விட்டது இல்லை. 'மெந்திரோசா' ஓடின விதம். அந்தச் சமயத்தில் ராப் திடீரென்று கடைச்சரக்கு ஆனது. 1990 நவம்பரில் வெனில்லா ஐஸ் என்ற பாடகரின் பாட்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் போன முதல் ராப் பாட்டானது. அடுத்த வருடம் ஈக்வடாரில் பிறந்த ஹெரார்டோ, சட்டை போடாமல் 'ரிக்கோ சுவாவே' பாடி 7-ஆம் இடம். அதுவும் ஸ்பானியம், ஆங்கிலம் கலந்ததுதான். ஆக ஒன்றரை வருடத்துக்குள் ரெண்டு மொழியில் பாடுவது என்பது ஒரு மனிதனின் பேச்சு என்பது போய் ஒரு வித்தை, ஒரு வேடம் என்று ஆகிவிட்டது. வேடத்தை யாரும் ரெண்டாவது தடவை காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

1992-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயரே 'த பிரதர் வித் டூ டங்ஸ்'. இரண்டு நாக்கு உள்ள சகோதரன். அட்டையிலேயே வித்தையை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

சும்மா_ஒருத்தன்

நம் ஊரில் ரெண்டு நாக்கு என்றால் அர்த்தமே வேறு. பொய்க்காரியைத் திட்டிப் பாடினவர் அடுத்த ஆல்பத்துக்கு இப்படிப் பெயர் வைத்தால் வழக்கு தள்ளுபடி.

ஹெரார்டோ பற்றி ஒரு உபரித் தகவல்: சட்டை போடாத அந்த மனிதர் பின்னாளில் கிறிஸ்தவ போதகர் ஆகிவிட்டார். இப்போது சட்டை போடுகிறார் என்று நம்புகிறேன்.

லயம்77

கேசட் சொல்வது சரி, ஆனால் காலமும் சேர்ந்து கவிழ்த்தது. 1990 வரை ராப்பில் பெண்ணோடு வம்பளக்கிற விளையாட்டுப் பாட்டுக்கு இடம் இருந்தது. 1992-93-இல் அமெரிக்க மேற்குக் கரையின் ராப்பே இறுகிப்போனது. சைப்ரஸ் ஹில் அந்த இறுக்கத்தில் பொருந்தியது, இவர் பொருந்தவில்லை.

அங்கேயும் ஸ்பானியம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சைப்ரஸ் ஹில்லின் முதல் ஆல்பத்தில் 'லத்தீன் லிங்கோ' கலப்பு மொழி, 'த்ரேஸ் எக்கிஸ்' ஸ்பானியம். ஆனால் அதை வைத்து அவர்களை விற்கவில்லை. கஞ்சாவும் துப்பாக்கியும் மண்டையோடும் விற்றது, மொழி கூடவே வந்தது. முதல் ஆல்பம் வந்து எட்டு வருடம் நிலைத்து நின்ற பிறகு, 1999-இல், தங்கள் ஹிட் பாட்டுகளையே ஸ்பானியத்தில் மறுபடி பாடி ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். யாரும் வித்தை என்று சொல்லவில்லை.

வைகைக்கரையான்

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்தாலும் அப்படித்தான். பிக் பன் 1998-இல் முதல் தனி ஆல்பத்துக்கே பிளாட்டினம் வாங்கினார், தனியாளாக அதைச் செய்த முதல் லத்தீனோ ராப் பாடகர். நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதிப் புவேர்ட்டோ ரிக்கோக்காரர். கேட்டுப் பாருங்கள், அடர்த்தியான ஆங்கிலம், அங்கங்கே தூவின ஸ்பானியம். ரெண்டு மொழியையும் சமமாக வைத்துப் பெரிய கல்லாவை நிரப்பினது என்றால் பிட்புல். கியூபக் குடும்பம், மயாமி. 2009-இல் அவர் பாட்டு ஹாட் 100-இல் 2-ஆம் இடம் போனது. 'மெந்திரோசா'வுக்கும் அதற்கும் 19 வருட இடைவெளி. கியூபா வழி வந்த இன்னொருவன், சரியான ஊரில், சரியான நேரத்தில். தூரதேசி சொன்ன மயாமி கணக்கு இங்கே வந்து ஒட்டுகிறது.

பிட்புல்லை எனக்குப் பிடிக்காது. அது வேறு இழைக்கு.

சும்மா_ஒருத்தன்

நீங்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு மனசை மாற்றப் பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான். 1993-இல் அண்ணன் குழு முதலிடம் போனபோது, தம்பி வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பான்? பொங்கலுக்கு வீட்டில் எல்லாரும் கூடினால் யாராவது ஒரு அத்தை கேட்டிருப்பாளே.

மைக்_மகள்

அவர்களுக்குப் பொங்கல் ஏது, நோச்சே புவேனா. கிறிஸ்துமஸ் முதல் நாள் ராத்திரி, கியூபாக்காரர்கள் பன்றியை முழுசாக வாட்டி வைத்துக் கூடுவார்கள். ஆனால் அத்தை எல்லா ஊரிலும் ஒரே அத்தைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். சென் டாக்கும் குழுவை விட்டுப் போனார்! 1996-இல், சைப்ரஸ் ஹில் உச்சத்தில் இருக்கும்போது. எஸ்எக்ஸ்-10 என்று ஒரு ராக் கலப்புக் குழுவுக்காக. 1998-இல் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். தம்பி ஒன்றுமில்லாத குழுவை விட்டுப் போனார், அண்ணன் எல்லாம் இருந்த குழுவை விட்டுப் போனார். அண்ணனுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது, அதுதான் வித்தியாசம். பி-ரியலும் 2009-இல் தனி ஆல்பம் போட்டார், குழுவை விடாமலே. பெயர் வந்த பிறகு தனியாகப் போவது உல்லாசப் பயணம் மாதிரி. பெயர் வருவதற்கு முன்னால் தனியாகப் போவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போவது.

தூரதேசி

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 2006-இல் ரெயெஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள், 'கெட்டோ தெரபி'. பெரிதாக ஓடவில்லை, ஆனால் பதினெட்டு வருடம் கழித்து ஒரே மைக். அத்தைக்கு அதுதான் பதில்.

அதற்கு ரெண்டு வருடம் முன்னால் தம்பி போட்ட தனி ஆல்பத்தின் பெயர் 'வெங்கோ அ கோப்ரார்'. 'வசூல் பண்ண வந்திருக்கிறேன்' என்று அர்த்தம். எனக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடிக்கும். கொடுக்க வேண்டியவன் யார் என்று சொல்லவில்லை பாருங்கள்.

பழைய_கேசட்

இழையை ஆரம்பித்தவன் என்கிற உரிமையில் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். நேற்று ராத்திரி 'மெந்திரோசா'வின் இசையை நோண்டிக்கொண்டிருந்தபோது கிடைத்தது.

அந்தப் பாட்டில் ஓடுவது சான்டானா என்ற ராக் குழுவின் இசை. 'ஈவில் வேஸ்', 'நோ ஒன் டு டிபெண்ட் ஆன்' இரண்டிலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். டோனி ஜி என்ற டிஜேயின் கைவேலை. 'ஈவில் வேஸ்' பாட்டும் இதே வழக்குதான், ஊர் சுற்றுகிற காதலியைக் கண்டிக்கிற காதலன். அதனால் சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு, சும்மா தாளத்துக்காக எடுத்ததில்லை. பழைய காதலன் பின்னால் கிட்டார் வாசிக்க, புதுக் காதலன் முன்னால் நின்று அதே புகாரை ரெண்டு மொழியில் படிக்கிறான்.

இந்தச் சாம்பிள் விஷயத்திலும் அவருக்கு நேரம் ஒத்து வந்தது. 1991 டிசம்பரில், அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மேல் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு, அனுமதியில்லாமல் இன்னொருவர் பாட்டில் கை வைக்க லேபிள்காரர்கள் நடுங்கினார்கள். அதற்குப் பின் இப்படி ஒரு முழுப் பாட்டின் முதுகெலும்பையே உருவி எடுப்பது பர்ஸுக்குக் கட்டுப்படியாகிற காரியமில்லை.

சரி, விஷயம் அதுவல்ல. 'ஈவில் வேஸ்' சான்டானாவின் சொந்தப் பாட்டும் இல்லை. 1969-இல் அவர்கள் எடுப்பதற்கு ரெண்டு வருடம் முன்னாலேயே வில்லி போபோ என்ற நியூயார்க் புவேர்ட்டோ ரிக்கோ தாளக் கலைஞர் பதிவு செய்தது. எழுதினவர் அவரோடு கிட்டார் வாசித்த சன்னி ஹென்றி.

வில்லி போபோவின் மகன் பெயர் எரிக் போபோ. தொண்ணூறுகளில் இருந்து சைப்ரஸ் ஹில்லில் காங்காவும் மற்ற தாளக் கருவிகளும் வாசிக்கிறவர் அவர்தான்.

லயம்77

நில்லுங்கள். தம்பி தனியாகப் போய் ஹிட் கொடுத்த பாட்டின் அடியில் இருந்தது அப்பா வாசித்த பாட்டு. அந்த அப்பாவின் மகன் வந்து சேர்ந்தது தம்பி விட்டுப் போன குழுவில்?

பழைய_கேசட்

ஆமாம்.

சும்மா_ஒருத்தன்

சரி, தப்பு இல்லை. 'மெந்திரோசா' இருக்கிற அந்த ஆல்பம் எங்கே கிடைக்கும், யாராவது சொல்லுங்கள்.